கேட்க ஒரு நாதி வேண்டும்: செட்டிநாட்டிலிருந்து இரு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர்கள் இருவருக்கும் வணக்கம்.

செட்டிநாடு என்று நாங்கள் சொல்லும் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் உங்கள் இரு மாவட்டங்களிலும் பிரிந்து கிடக்கின்றன. கண்டனூரும் பள்ளத்தூரும் தேவகோட்டையும் சிவகங்கையில். ராயவரமும் விராச்சிலையும் குழிபிறையும் புதுக்கோட்டையில். பெண் கொடுத்து எடுப்பதிலும் கோயில் திருவிழாவிலும் சந்தைக்குப் போவதிலும் இந்த எல்லைக்கோடு எங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு காகிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர வேண்டியிருக்கும்போதுதான் தெரிகிறது. அதனால் இருவருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் 34 ஆண்டுகள் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தபால்காரனாக இருந்தவன். ஓய்வுபெற்ற பிறகு சட்டப் பணிகள் குழுவின் தன்னார்வலராகச் சில காலம் மனு எழுதிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசற்படிகள். எந்தப் படியில் யார் உட்கார்ந்திருந்தார்கள், எந்த மாதத்திலிருந்து உட்காரவில்லை என்பது.

முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. இன்று 1,200 ரூபாய். என் பணிக்காலத்தில் பெரும்பகுதி அது மணியார்டராகத்தான் வந்தது. படிவத்தில் கைநாட்டு வாங்க வேண்டும், பக்கத்தில் சாட்சி வேண்டும். வாங்குபவரின் முகத்தைப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்க முடியாது. பணம் வேறு கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக வந்த விதி அது. அதனால் விளைந்த நன்மை வேறு. மாதத்துக்கு ஒருமுறை, அந்த வீட்டுச் சொத்தில் தம்பிடிகூடப் பங்கில்லாத ஒருவன் அந்த மூதாட்டியின் எதிரே நின்றான். கன்னம் ஒட்டியிருந்தால் தெரிந்தது. போன மாதம் கட்டியிருந்த அதே கிழிந்த சேலை என்றால் தெரிந்தது. பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் திண்ணையில் படுத்திருந்தால் அதுவும் தெரிந்தது. இப்போது பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. தாமதம் குறைந்தது, இடையில் கை நீட்டுபவர்களும் குறைந்தார்கள். அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அந்த முகம் பார்த்தல் நின்றுபோனது. ஏ.டி.எம். அட்டை யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று கேட்பதற்கு இப்போது ஆள் இல்லை.

எங்கள் பக்கத்தில் "ஏன் என்று கேட்க ஒரு நாதி இல்லை" என்பார்கள். சோறு இல்லை, துணி இல்லை என்பதைவிடக் கனமான சொல் அது. நான் உங்களிடம் கேட்பது அந்த நாதியைத்தான். ஊருக்குப் பொதுவாக ஒருவர். தனக்காகப் பேச முடியாத சிறுபிள்ளைக்கும் தளர்ந்த முதியவருக்கும் பரிந்து பேசுவதையே வேலையாகக் கொண்ட ஒருவர்.

ஏன் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒருவர் என்று கேட்பீர்கள். ஒரு வீட்டின் கதையைச் சொன்னால் புரியும். ஒரு குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டம் சொல்வதால் ஊரையும் பெயரையும் நிறுவனங்களையும் விட்டுவிடுகிறேன்.

முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும் பெரிய வீடு. பங்காளிகள் பல ஊர்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வீடு திறக்கும். மற்ற நாளெல்லாம் காவலுக்கு ஒரு வயதான அம்மா, அவரோடு ஒன்பது வயதுப் பேரன். மகன் இறந்துவிட்டார், மருமகள் வேறு வாழ்க்கை தேடிப் போய்விட்டார். அந்தப் பையனுக்கு அம்மா அப்பா எல்லாம் அப்பத்தாதான். ஒரு மழைநாளில் வளவு முற்றத்துக் கல்லில் அவர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. 108 வண்டி வந்தது. ஆஸ்பத்திரி மாவட்ட எல்லைக்கு அந்தப்பக்கம். பையனும் வண்டியில் ஏறிப் போனான். இரண்டு இரவுகள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் படுத்துக் கிடந்தான். யாரோ ஒரு நல்லவர் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தார். அவனைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவனைக் காப்பகத்தில் சேர்த்தார்கள். அப்பத்தா எழுந்து நடக்க முடியாததால், ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள்.

இதில் யாரும் தவறு செய்யவில்லை. போன் செய்தவர் செய்தது சரி, காப்பகத்தில் சேர்த்தது சரி, முதியோர் இல்லத்தில் இடம் கொடுத்தது பெரிய உபகாரம். ஆனால் ஆறு மாதங்களுக்கும் மேல் அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பையனின் கோப்பில் "பாட்டி உண்டு, பராமரிக்க இயலாதவர்" என்று இருந்தது. பாட்டியின் பதிவேட்டில் "உறவினர் எவருமில்லை" என்று இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது எவருடைய வேலையும் இல்லை.

நான் விசாரித்துப் போய்ப் பார்த்தபோது அந்த அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அவன் பரீட்சை எழுதினானா?" என்பது.

என்ன செய்திருக்கலாம் என்பதைப் பிறகு நானே எழுதிப் பார்த்தேன். குடும்பத்திலிருந்து பிரித்துக் காப்பகத்தில் வைப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. உறவினரோடு வளரும் ஏழைக் குழந்தைக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை பெற வழி இருக்கிறது. பாட்டிக்கு 1,200 ரூபாய் வருகிறது. வீட்டுக்காரர்களிடம் நான் பேசினேன். முகப்பை ஒட்டிய அறையை அவருக்கு விட்டுக்கொடுக்க உடனே சம்மதித்தார்கள். எதிர்வீட்டுப் பெண் இரண்டு வேளை சமைத்துத் தருகிறேன் என்றார். சட்டமும் பணமும் அறையும் மனிதர்களும் எல்லாம் இருந்தும், எல்லாவற்றையும் ஒரே மேசையில் கொண்டுவந்து வைக்க ஒருவர் இல்லை.

நான் வைத்துப் பார்க்கத்தான் முயன்றேன். போன இடமெல்லாம் ஒரே கேள்வி. "நீங்கள் யார்?" உறவா என்றார்கள், இல்லை என்றேன். வக்கீலா என்றார்கள், இல்லை. அரசு ஊழியரா? இருந்தேன், இப்போது இல்லை. கேட்டவர்களைக் குறைசொல்ல மாட்டேன். பிள்ளையைக் கேட்டு வருகிற முகம் தெரியாதவனிடம் அப்படித்தான் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒருவர் இந்த ஊர்களுக்கு வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல். "நான் இந்தப் பிள்ளைக்காகப் பேச அமர்த்தப்பட்டவன், இதோ ஆணை" என்று சொல்லக்கூடிய ஒருவர்.

இப்படி ஒரு பதவி உலகில் புதிதல்ல. குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு குறைகேள் அதிகாரியை நார்வே 1981இலேயே அமைத்தது. பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ் எனக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றுகிறது. அங்கே வடக்குப் பகுதிக் காப்பகங்களில் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் கொடுமை நடந்தது. 2000இல் வெளிவந்த விசாரணை அறிக்கை அதை விரிவாகப் பதிவு செய்தது. பிள்ளைகள் சொல்லாமல் இல்லை. சொன்னதைக் கேட்க, காப்பகத்தைச் சேராத ஒருவர் இல்லை. அடுத்த ஆண்டே, 2001இல், குழந்தைகளுக்கான ஆணையர் பதவி ஏற்பட்டது. பிறகு அவர்கள் ஒன்றை உணர்ந்தார்கள்: கட்டிலில் கிடக்கும் முதியவரும் அந்தப் பிள்ளையின் நிலையில்தான் இருக்கிறார். 2006இல் சட்டம் இயற்றி 2008இல் முதியோருக்கான ஆணையரையும் அமர்த்தினார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 31 லட்சம். சிவகங்கை மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்கெடுப்பின்படி 13 லட்சத்து 39 ஆயிரம் பேர்.

வெளிநாட்டை விடுங்கள். குழந்தைகளுக்கென்று தனிச் சட்டத்தை இந்தியாவில் முதலில் இயற்றியது சென்னை மாகாணம், 1920இல். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, விடுதிகள் ஏற்க மறுத்த சிறுமிகளுக்காகத் தம் வீட்டுக் கதவையே திறந்து 1930இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். இந்த மண்ணுக்கு இந்தப் பொறுப்பு அந்நியமானதல்ல.

"ஏற்கெனவே எத்தனையோ பேர் இருக்கிறார்களே" என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லக்கூடும். ஆம், இருக்கிறார்கள். இதை நான் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். குழந்தைகள் நலக் குழு இருக்கிறது, தலைவரும் நான்கு உறுப்பினர்களும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. முதியோருக்கு 14567 என்ற உதவி எண் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இலிருந்து இருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் இருக்கிறது. காரைக்குடி வட்டத்துக்காரர்கள் தேவகோட்டைக் கோட்டாட்சியரிடம் போகலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு அங்கே உத்தரவிட முடியும். பிள்ளையில்லாதவர்கள்கூட, தம் சொத்தை அடையப்போகும் உறவினரிடம் பராமரிப்புக் கேட்கலாம். இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குழு தீர்மானிக்கிறது. தீர்ப்பாயம் தீர்க்கிறது. அலகு செயல்படுத்துகிறது. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருப்பவர் ஒருபக்கம் சாயக் கூடாது. சாய்ந்து நிற்க ஒருவர் வேண்டும் என்பதுதான் என் வாதம். நடுவர் நடுவிலேயே இருக்கட்டும். பிள்ளையின் பக்கத்தில் யார் நிற்பது?

2007ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. தீர்ப்பாயத்தில் வக்கீல் வாதாட 17ஆம் பிரிவு இடம் தரவில்லை. சில உயர் நீதிமன்றங்கள் பின்னாளில் இதற்கு வேறு பொருள் கண்டிருக்கின்றன. வசதியுள்ள மகன் பெரிய வக்கீலை வைத்துக்கொள்வான், தாய் தனியாக நிற்பாள் என்ற கவலையால் வந்த பிரிவு அது. அதற்கு ஈடாகத்தான் 18ஆம் பிரிவில் பராமரிப்பு அலுவலர் என்றொருவரை வைத்தார்கள். முதியவர் விரும்பினால் அவருக்காகத் தீர்ப்பாயத்தில் இவர் பேச வேண்டும். மாவட்ட சமூகநல அலுவலரோ அவருக்கு நிகரான ஒருவரோ அந்தப் பொறுப்பை ஏற்கலாம் என்றார்கள். பெண்களுக்கு எதிரான வன்முறைப் புகார்களிலிருந்து திருமண உதவித் திட்டங்கள் வரை ஒரு மாவட்டத்தின் எத்தனையோ சுமைகளைத் தலையில் வைத்திருக்கும் ஓர் அலுவலர், விராச்சிலையில் ஒரு பாட்டி பக்கத்திலும் வந்து நிற்பது எப்படி முடியும்? நாற்காலியைச் சட்டம் போட்டுவிட்டது. அதில் முழுநேரமும் உட்கார ஆள் வேண்டும்.

அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு, முதியவரால் முடியாதபோது அவர் அதிகாரமளித்த வேறு ஒருவரோ அமைப்போ மனுச் செய்யலாம் என்கிறது. தீர்ப்பாயம் தானாகவும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர்களில் இந்தப் பிரிவின் அருமை தனி. "பெற்ற பிள்ளை மேல் கச்சேரிக்குப் போவதா" என்று வாயை மூடிக்கொண்டு கிடக்கும் ஆச்சிமார்கள் எத்தனை பேர். மருந்துச் சீட்டு மடித்தபடி கிடக்கும். பிள்ளையின் பெயர் கெடக் கூடாது என்பதற்காக அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார்கள். அவர்களை மானத்துக்குப் பயந்தவர்கள் என்று இளக்காரமாகச் சொல்லாதீர்கள். அவர்கள் காப்பாற்றுவது தம் மானத்தை அல்ல, பிள்ளையின் மானத்தை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழ மாட்டேன் என்று உறுதியாக இருப்பவருக்கு யார் பால் கொடுப்பது?

இன்னொரு வீட்டைச் சொல்கிறேன். வசதியான வீடுதான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பர்மாத் தேக்குத் தூண். அந்த ஆச்சிக்கு எண்பதுக்கு மேல். பிள்ளையில்லாமல் பிள்ளை கூட்டிய, அதாவது தத்தெடுத்த, குடும்பம். கூட்டிய பிள்ளையின் பெயருக்கு ஆச்சி வீட்டுப் பங்கைத் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தார். எழுதிய பிறகு போக்குவரத்துக் குறைந்தது. அதே 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் திரும்பப் பெறலாம். நிபந்தனை பத்திரத்திலேயே இருக்க வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் வெவ்வேறு விதமாகச் சொல்லி வந்தன. 2022இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகப் பார்த்தது. 2025இல் முதியோரின் நலனை முன்னிறுத்திப் பார்த்தது. உறவுக்காரர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு கூட்டம் பத்திரத்தை ரத்து செய்ய வேண்டும் என்றது. இன்னொரு கூட்டம் ஆச்சியைச் சென்னைக்குக் கொண்டுபோய் நல்ல முதியோர் இல்லத்தில் வைக்கலாம் என்றது. இரு கூட்டத்தாரும் ஆச்சியின் நன்மைக்காகத்தான் பேசினார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பட்டாலையில், வீட்டின் முன்கூடத்தில், உட்கார்ந்து பேசினார்கள். ஆச்சி உள்ளே இரண்டாம் கட்டில் படுத்திருந்தார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே போய், "உங்களுக்கு என்ன வேண்டும் ஆச்சி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என் கட்டிலைத் தூக்கி முகப்புப் பக்கம் போடச் சொல்லுங்கள். தெருவில் ஆள் போவது தெரிய வேண்டும். விளக்கு வைக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் வந்து விளக்கைப் போட்டால் போதும்."

பத்திரமும் சென்னையும் அவர் மனத்தில் இல்லை. பின்னால் வரக்கூடும், அதையும் கேட்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அவருக்கு வேண்டியது இதுதான். நான்கு பேர் பிடித்தால் கால்மணி நேர வேலை. பரிந்து பேசுபவரின் முதல் கடமை இது என்று அன்று நான் தெளிந்தேன். அவர் நல்லது என்று தான் நினைப்பதைப் பேசக் கூடாது. தனியாக உட்கார்ந்து கேட்டு, கேட்டதைச் சொன்னவரின் வார்த்தையிலேயே கொண்டுபோய்ச் சபையில் வைக்க வேண்டும். அது அறிவாளிகளுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றினாலும் வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் அப்படியே. காப்பகங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக் குழு போய்ப் பார்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சமையற்கட்டைப் பார்ப்பார்கள், கழிவறையைப் பார்ப்பார்கள், பதிவேட்டைப் பார்ப்பார்கள். எல்லாம் தேவை. ஆனால் பத்து வயதுப் பிள்ளை வரிசையில் நின்றுகொண்டு ஐந்து பெரியவர்களுக்கு முன்னால் மனத்தைத் திறக்காது. ஒருவரே திரும்பத் திரும்ப வர வேண்டும். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ அது பேசும். தபால்காரனிடம் ஊர் பேசியது அப்படித்தான்.

மறதி நோய் கண்டவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குக் காப்பாளரை அமர்த்த 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் மாவட்ட அளவிலேயே ஆட்சியரைக் கொண்ட குழு இருக்கிறது. முதுமையில் நினைவு அழிந்தவருக்கு அந்தக் கதவு இல்லை. குடும்பத்தார் உயர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சிறப்பு ஆணை வாங்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு என்றால் மதுரைக் கிளை. குடும்பமே இல்லாதவர் யாரைக் கொண்டு மதுரைக்குப் போவார்? நேற்று வந்தவன் நீட்டிய தாளில் கைநாட்டு வைத்துவிட்டு, இன்று அவன் முகம் தெரியாமல் விழிக்கும் முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இது சட்டமன்றத்தில் தீர வேண்டிய விஷயம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதுவரை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால், எந்தத் தாளும் அவ்வளவு எளிதாக நீட்டப்படாது.

"வீட்டு விவகாரத்தில் வெளியார் நுழையலாமா" என்று எங்கள் ஊரிலேயே கேட்பார்கள். அவர்களுக்கும் இந்த மடல் போய்ச் சேரும் என்பதால் சொல்கிறேன். செட்டிநாட்டைப் போல் வீட்டு விவகாரத்தை எழுத்தில் வைத்த இடம் அதிகம் இல்லை. கல்யாணம் என்றால் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதுகிறோம். மகனுக்குத் திருமணமானால் ஒரே வீட்டுக்குள் அவனை வேறு வைத்து, ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று கணக்குச் சொல்லிக் கொடுத்த வழக்கம் நம்முடையது. கோயில் வரிக் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. ஒருவர் காலமானால் மீந்தவர் அரைப்புள்ளி. தனித்துப்போனவரை அரை என்று எழுதுவது சிலருக்கு வருத்தம் தரும். எனக்கோ அந்தக் கணக்குப் புத்தகத்தின் மேல் மரியாதை உண்டு. பாதியாகவேனும் அவர் பெயர் அதில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் புத்தகத்தைப் புரட்டும்போது, இன்ன வீட்டில் இன்ன ஆச்சி இருக்கிறார் என்று ஒருமுறை நினைக்க வேண்டியிருக்கிறது. காவல்கார அம்மாவும் அவர் பேரனும் எந்தப் புத்தகத்திலும் புள்ளியாக இல்லை.

கண்கள் இல்லாமல் இல்லை என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் வந்த பிறகு ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொண்டு பெண்கள் வீடு தேடி வருகிறார்கள். 2025இல் தாயுமானவர் திட்டம் வந்தபின் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் வாசலுக்கே வருகிறது. அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெருவின் பிள்ளைகள் எல்லாரையும் தெரியும். மணியார்டரோடு போன முகம் பார்த்தல் வேறு வழியில் திரும்பியிருக்கிறது. மாத்திரை கொண்டுவரும் ஒரு பெண் என்னிடம் சொன்னார்: "அந்தத் தாத்தாவின் கையில் சூடு வைத்த மாதிரி தழும்பு இருக்கிறது ஐயா. யாரிடம் சொல்வது? சொன்னால் நாளைக்கு அந்த வீட்டுப் படியேற முடியுமா?" அவர் காதோடு சொல்லிவிட்டு நிம்மதியாகப் போகக்கூடிய ஓர் ஆள் வேண்டும். கேட்டவர் அவர் பெயரை வெளியே விடாமல், தானே போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

நான் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. நீங்கள் இருவரும் சேர்ந்து, செட்டிநாட்டு ஊர்களுக்கு என்று ஒருவரைச் சோதனையாக ஓராண்டுக்கு அமர்த்துங்கள். காரைக்குடி 2024இல் மாநகராட்சியாகிவிட்டது. இரு மாவட்டத்து ஊர்களிலிருந்தும் பஸ் வரும் இடம். அங்கே ஓர் அறை போதும். அவர் காப்பகமோ முதியோர் இல்லமோ நடத்துபவராக இருக்கக் கூடாது. அவற்றை மேற்பார்க்கும் துறையின் கீழும் இருக்கக் கூடாது. யாருடைய பணமும் அவர் கையில் புழங்கக் கூடாது. காப்பகத்திலும் இல்லத்திலும் ஆஸ்பத்திரியிலும் முன்னறிவிப்பின்றி நுழைந்து, பிள்ளையோடும் முதியவரோடும் தனியாகப் பேச அவரிடம் உங்கள் இருவரின் கையெழுத்திட்ட ஆணை இருக்க வேண்டும். குழுவும் தீர்ப்பாயமும் அவரை உட்கார வைத்துக் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் பிள்ளையும் முதியவரும் சேர்ந்து இருந்தால், இருவரின் கோப்பையும் ஒருவரே கடைசி வரை தொடர வேண்டும். இதைத்தான் நான் முக்கியமாகக் கேட்கிறேன். மற்றவற்றில் நீங்கள் கூட்டிக் குறைத்தாலும் இதை விட்டுவிடாதீர்கள். ஆண்டு முடிந்ததும் பெயர்களை மறைத்து, என்ன கேட்டார், எதற்குப் பதில் வந்தது, எதற்கு வரவில்லை என்று ஓர் அறிக்கை எழுதட்டும். அதைக் கிராம சபையில் படிக்கட்டும்.

யாரை அமர்த்துவது என்பதில் எனக்கு ஒரு விருப்பம் உண்டு. படிப்பு இருக்கட்டும், சட்டம் தெரிந்திருக்கட்டும். அதோடு, திண்ணையில் ஒரு மணி நேரம் அவசரமில்லாமல் உட்காரத் தெரிந்தவராக இருக்கட்டும். பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. உள்கட்டு வரை போக முடியும். என்னை நியமிக்கச் சொல்லவில்லை. எனக்கு வயதாகிவிட்டது, மூட்டு வலிக்கிறது. எனக்குத் தெரிந்த வாசற்படிகளை வரும் ஆளுக்குக் காட்டித் தருவேன்.

அந்தப் பேரனும் அப்பத்தாவும் ஏழாவது மாதத்தில் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். அனுமதி வாங்க எனக்கு ஆறு வாரம் ஆனது. கிடைத்தது அரை மணி நேரம். அவன் வளர்ந்திருந்தான், அப்பத்தா கைத்தடி ஊன்றி எழுந்து நிற்கக் கற்றிருந்தார். புறப்படும்போது அவனிடம் பத்து அஞ்சலட்டைகளில் முதியோர் இல்லத்து முகவரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக எழுதுகிறான். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாததால், அட்டை வந்திருக்கிறது என்று சேதி வந்ததும் நான் பஸ் ஏறிப் போய்ப் படித்துக் காட்டுகிறேன். எட்டு அட்டைகள் வந்துவிட்டன. எட்டாவதில், வீட்டுக் கொல்லையில் இருந்த கொய்யா மரம் காய்த்திருக்குமா, லீவுக்கு நாம் அங்கே போகலாமா என்று கேட்டிருக்கிறான். என்ன பதில் எழுதட்டும் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "கலெக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் இந்த மடலின் ஒரு படியைச் சிவகங்கையிலும், அதற்கடுத்த திங்களன்று இன்னொன்றைப் புதுக்கோட்டையிலும் நேரில் கொண்டுவந்து தருகிறேன். அவர்கள் இருவரின் விவரங்களையும் உங்கள் கையில் மட்டும் தருவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தபால்காரன் ஒருவன்,
காரைக்குடி வட்டம்